ஆப்பிள் சாறு பழுப்பானால் கெட்டுவிட்டதா?

சில வாரங்களுக்கு முன் என் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, காலையில் வீட்டில் அரைத்துக் கொண்டுவந்த ஆப்பிள் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டாள். "கெட்டுப்போச்சு டீச்சர், கலரைப் பாருங்க" என்றாள். அரைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாறு கெடவில்லை. அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அவள் தோழி பையிலிருந்து எடுத்துக் குடித்த தர்பூசணிச் சாறோ செக்கச்செவேலென்று இருந்தது. எனக்குக் கவலை தந்தது அந்தச் சாறுதான்.

முதலில் ஆப்பிளைப் பார்ப்போம். அதன் உயிரணுவுக்குள் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தாக்கும் பீனால் சேர்மங்களோ, அதே உயிரணுவில் சாறு நிறைந்த தனிப் பையில் அடைந்திருக்கின்றன. பிளெண்டரின் கத்தி உயிரணுவை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. பீனால்கள் குயினோன்களாகி, பிறகு பழுப்பு நிறமிகளாகின்றன. கிருமிக்கு இதில் வேலையே இல்லை. கேமரன் மலையில் பறித்த பச்சைத் தேயிலையை நசுக்கிக் காற்றில் விடும்போது அது கறுப்பதும் இதே வகை நொதியால்தான். அதை மட்டும் நாம் விரும்பிக் குடிக்கிறோம்!

எலுமிச்சை பிழிந்தால் சாறு பழுக்காது என்று அம்மாமார்களுக்குத் தெரியும். ஏன்? புளிப்பா, உயிர்ச்சத்து சி-யா? எலுமிச்சையில் இரண்டுமே இருப்பதால், அதை மட்டும் வைத்துச் சோதித்தால் விடை கிடைக்காது. எனவே ஒரே ஆப்பிளை அரைத்து நான்கு குவளைகளில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றில் அதே அளவு வினிகர், ஒன்றில் நீரில் கரைத்த உயிர்ச்சத்து சி மாத்திரை, கடைசிக் குவளையில் வெறும் நீர். அந்த ஒரு தேக்கரண்டி நீரை விட்டுவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு அது; மூன்று குவளைகள் நீர்த்து, ஒன்று நீர்க்காமல் நின்றால் நிறத்தை ஒப்பிட முடியாது. சேர்க்கும் பொருள் தற்சார்பு மாறி, நிறம் சார்பு மாறி. அரைத்தவுடன் சேர்த்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

வினிகரில் உயிர்ச்சத்து சி இல்லை. அந்தக் குவளையிலும் பழுப்பு தாமதமானால், அமிலம் நொதியின் வேலையைத் தடுக்கிறது என்று பொருள். உயிர்ச்சத்து சி வேறு வழியில் செயல்படுகிறது: உருவான குயினோன்களை மீண்டும் பீனால்களாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது அதுவும் செலவாகிறது. தீர்ந்ததும் பழுப்பு தொடங்கும். ஆகவே பழுத்த சாறு கெட்டதன்று. ஆனால் அதன் உயிர்ச்சத்து சி குறைந்திருக்கும்.

இனி அந்தத் தர்பூசணிச் சாறு. அதில் புளிப்பு மிகக் குறைவு. சீனியும் நீரும் நிறைய. தோலிலிருந்தோ கத்தியிலிருந்தோ வந்த பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? நம் வகுப்பறை வெப்பமும் துணைக்கு வருகிறது. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை ஏழரை முதல் மதியம் ஒன்றரை வரை 18 முறை. ஒன்று 2,62,144 ஆகிவிடும். நிறமோ மாறாமலே இருக்கலாம். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று வந்தால், ஈஸ்ட் சீனியை நொதிக்கச் செய்து கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று பொருள். அதைக் குடிக்க வேண்டாம்.

பழத்தை வெட்டுவதற்கு முன்பே, தோலோடு கழுவுங்கள். இல்லாவிட்டால் கத்தியே கிருமியை உள்ளே கொண்டு செல்லும். குளிரூட்டாத சாற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். பள்ளிக்குக் கொண்டுவர வேண்டுமானால் முதல் நாள் இரவே போத்தலில் முக்கால் பங்கு ஊற்றி உறையவையுங்கள். உறையும்போது அது விரிவடையும், அதனால் நிரப்பக் கூடாது. இடைவேளைக்குள் பாதி உருகியிருக்கும், அப்போதே குடித்துவிடலாம். எனக்கென்னவோ முழு ஆப்பிளைக் கடித்துத் தின்பதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. வடிகட்டிக் கொட்டும் நார்ச்சத்தும் வயிற்றுக்குள் போகும்.