கொல்லிமலைக்குத் தூண்டில் வேண்டாம்

கோடை விடுமுறைக்குக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஓடும் ஐயாற்றின் மீன்களைப் பக்தர்கள் பிடிப்பதில்லை, தீனிதான் போடுவார்கள். அறுத்துச் சமைத்த மீன் உயிர்பெற்று ஆற்றில் குதித்தது என்பது கோயில் கதை. நம்பாதவர்களும் ஊர் வழக்கத்தை மதிக்கலாம்.

ஒரு கைப்பிடி பொரி போதும். சிப்ஸ், பிஸ்கட் கூடாது. கோடையில் ஆறு வற்றி நீர் சூடேறும்போது அதில் ஆக்சிஜன் குறையும். மிச்சத் தீனி அழுகினால் இன்னும் குறையும். வெயில் ஏறினால் மீன்கள் பாறை நிழலுக்கு ஒதுங்கிவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

இதே ஆறுதான் ஆகாயகங்கையாகச் சுமார் 300 அடி விழுகிறது. அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும்! குடிநீர் கையில் இருக்கட்டும். மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முக்கியமாக, கோடை இடிமழை. அருவியில் வெயிலடித்தாலும் மேலே மழை கொட்டியிருக்கலாம். தண்ணீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே கரையேறுங்கள். செல்ஃபி அப்புறம்.

மீன் ஆசை விடவில்லையா? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடை. ஆழ்கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறும் காலம் இது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.