கணினிப் பாடம்: சர்வரும் கிளையண்டும் பேச மறுத்தால்



பொறியியலும் பிசிஏவும் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு நெட்வொர்க் லேப் என்றாலே பயம். சி மொழியில் ஒரு சர்வரும் ஒரு கிளையண்டும் எழுதி, இரண்டையும் சாக்கெட் வழியாகப் பேச வைக்க வேண்டும். புரோகிராம் கம்பைல் ஆகிவிடும். ஓட்டினால் திரையில் ஒன்றும் வராது. இரண்டு இரவு போராடிவிட்டு, "இது நமக்கு வராது" என்று சீனியர் எழுதியதை வாங்கி அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். நம் வார இறுதி வகுப்பில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பெரும்பாலும் குறை பிள்ளையின் அறிவில் இல்லை. ஒரு சில பிழைகளே எல்லோருக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே பார்ப்போம்.

பெற்றோருக்கும் புரியும்படி ஓர் உதாரணம். கடைக்குப் போன் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருவியை வாங்குவது சாக்கெட். அதற்கு ஓர் எண் பெறுவது பைண்ட். அழைப்பு வரலாம் என்று தயாராக இருப்பது லிசன். மணி அடித்ததும் எடுப்பது அக்செப்ட். வாடிக்கையாளர் எண்ணை அழுத்துவது கனெக்ட். அதன் பிறகு பேசுவது சென்ட், கேட்பது ரிசீவ். 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வந்த இந்த வரிசைதான் இன்றும் நடைமுறையில் உள்ளது.

முதல் பிழை, பதிலைக் கேட்காமல் போவது. மேலே சொன்ன ஒவ்வொரு ஃபங்ஷனும் தோற்றால் -1 என்று பதில் தரும். அதைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால், பைண்டில் நடந்த தவறு அக்செப்டில் போய் வெடிக்கும். நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு அழைப்பின் கீழும் -1 வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் உடனே பி-எரர் ஃபங்ஷனை அழையுங்கள். காரணத்தை அதுவே எழுதிக் காட்டும்.

இரண்டாவது, ஓர் அடைப்புக்குறி. சாக்கெட் தரும் எண்ணை வாங்குவதையும், அது பூஜ்ஜியத்துக்குக் குறைவா என்று பார்ப்பதையும் ஒரே வரியில் எழுதுவார்கள். வாங்கும் பகுதியைத் தனி அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால், சி மொழி முதலில் ஒப்பிட்டுப் பார்க்கும். சாக்கெட் சரியாகவே திறந்திருக்கும். ஆனால் நம் கையில் கிடைப்பது 0. அது கீபோர்டுக்கு உரிய எண். அதில் பைண்ட் செய்தால், இது சாக்கெட்டே அல்ல என்று கணினி மறுத்துவிடும்.

மூன்றாவது, போர்ட் எண். நம் கணினிகள் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைக்கும். நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் போக வேண்டும். மாற்றித் தருவது எச்-டி-ஓ-என்-எஸ் என்ற ஃபங்ஷன். அதை விட்டுவிட்டால் 8080 என்று எழுதிய எண் 36895 ஆகிவிடும். சர்வரில் போட்டு கிளையண்டில் மறந்தால், வாடிக்கையாளர் வேறு எண்ணை அழைக்கிறார் என்று பொருள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வரும். அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை என்பதே அதன் அர்த்தம்.

நான்காவது, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் சர்வர் முடிவதில்லை. போர்ட்டைப் பிடித்தபடியே உறங்குகிறது. முடிக்க வேண்டுமானால் கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டும். சரியாக முடித்திருந்தாலும், பழைய இணைப்பின் மிச்சம் லினக்ஸில் சுமார் 60 வினாடி இருக்கக்கூடும். அதற்காகவே ரீயூஸ்-அட்ரஸ் என்ற ஆப்ஷன் உள்ளது. அதை பைண்டுக்கு முன்பே போட வேண்டும்.

ஐந்தாவது, தவறான கருவியில் பேசுவது. அக்செப்ட் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு புதிய எண்ணைத் தருகிறது. சென்டும் ரிசீவும் அந்த எண்ணில்தான் நடக்க வேண்டும். லிசன் செய்த பழைய எண்ணில் பேச முயன்றால், அது தோல்வியில்தான் முடியும்.

ஆறாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. ஒருமுறை சென்ட் செய்தால் மறுமுனையில் ஒருமுறை ரிசீவ் ஆகும் என்று நம்புகிறோம். டிசிபி அப்படி வாக்குத் தரவில்லை. அது வாய்க்கால் நீர் மாதிரி. இரண்டு குடம் ஊற்றினால் அந்தப் பக்கம் ஒன்றாகவும் வரலாம், துண்டு துண்டாகவும் வரலாம். வரிசை மட்டும் மாறாது. ஆகவே செய்தி எங்கே முடிகிறது என்பதை நாமே குறிக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் புதுவரிக் குறியை வையுங்கள். அல்லது நீளத்தை முதலில் அனுப்புங்கள். முழுவதும் வரும்வரை லூப்பில் வாங்குங்கள். ரிசீவ் 0 என்று சொன்னால் மறுமுனை அனுப்புவதை முடித்துக்கொண்டது என்று பொருள். அங்கே லூப்பை நிறுத்திவிடுங்கள். வந்த எழுத்துகளின் முடிவில் பூஜ்ஜிய எழுத்தை நாமே வைக்க வேண்டும். அதற்கு பஃபரில் ஓர் இடம் விட்டு வாங்குங்கள். இல்லையேல் திரையில் குப்பை எழுத்துகள் வரும்.

சோதிக்கும்போதும் ஒழுங்கு வேண்டும். முதலில் சர்வரை மட்டும் ஓட்டுங்கள். எஸ்எஸ் கட்டளையில் எல், டி, என் குறிகளைச் சேர்த்துக் கொடுத்து, உங்கள் போர்ட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே கணினியில் 127.0.0.1 முகவரிக்குக் கிளையண்டை ஓட்டுங்கள். இரண்டும் பேசிய பிறகே வேறு கணினிக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

மாணவர்களே, வாங்கி ஒப்படைத்த புரோகிராம் மதிப்பெண் தரலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கல்வி உதவி பெற்றுப் படிப்பவர்களுக்கு அந்தப் படிப்பு ஓர் அமானிதமும்கூட. பெற்றோர்களே, பிள்ளை இரவு வெகுநேரம் கணினி முன் இருந்து "ஓடவில்லை" என்று சோர்ந்தால், "எந்த வரிவரை ஓடியது?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் தேடும்போதே பாதிப் பிழை பிடிபட்டுவிடும், இன்ஷா அல்லாஹ்.