நினைவகத்தில் கோப்புகள்: விரைவும் மறதியும்



பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இணையத்தளத்தை நாடும்போது அது ஏன் திணறுகின்றது எனப் பிள்ளைகள் கேட்பதுண்டு. காரணங்கள் பல. ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

இணையத்தளத்தின் கோப்புகள் வழங்கிக் கணனியின் வன்தட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லி செக்கன் எடுக்கின்றது. 'ராம்' எனப்படும் நினைவகத்திலோ சுழல்வது எதுவுமில்லை. அங்கே ஒரு தகவலை எட்ட, ஒரு மில்லி செக்கனின் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. சேமிப்பான்கள் வன்தட்டை வெகுவாக முந்திவிட்டன. ஆயினும் ராமுக்கு ஈடாகா. கிட்டங்கிக்குப் போய் மூடையைத் தேடுவதற்கும், கடை மேசையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

ஆகவே ராமின் ஒரு பகுதியையே கோப்புறையாகப் பாவிக்கின்றார்கள். லினக்ஸில் இதன் பெயர் 'ரிஎம்பிஎவ்எஸ்'. 2001இல் வந்த 2.4ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. நிரலுக்கு இது சாதாரணக் கோப்புறையாகவே தோன்றும். நிரலைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. 2003இல் பிராட் பிற்ஸ்பற்றிக் என்பவர் லைவ்ஜேர்னல் தளத்துக்காக 'மெம்காஷ்ட்' என்பதை ஆக்கினார். அது கோப்புறையன்று, ஆனால் எண்ணம் ஒன்றே. தரவுத்தளத்திடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளாமல், விடையை ராமில் வைத்திருப்பது.

ஆனால் மின்சாரம் நின்றால் ராம் அனைத்தையும் மறந்துவிடும். எனவே எதை அங்கே வைப்பது என்பதிலேதான் கவனம் வேண்டும். தயாரித்து வைத்த பக்கங்கள், சிறுபடங்கள் அழிந்தால் மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். உள்நுழைவுக் குறிப்புகள் போனால் பாவனையாளர் மறுபடி நுழைய வேண்டும், அதையும் பொறுக்கலாம். ஒரு தாய் மகனுக்காக நிரப்பிய பாடசாலை விண்ணப்பமோ, கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டோ அங்கே மட்டும் இருந்தால்? அவற்றை வட்டில் எழுதிய பின்னரே "கிடைத்தது" என அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று. அண்மையில் வாசித்த கோப்புகளை லினக்ஸ் தானாகவே ராமில் வைத்திருக்கும். ஆதலால் படங்களையெல்லாம் அங்கே பிரதி பண்ணுவதால் பெரும்பாலும் இலாபம் சொற்பம். சிறு கோப்புகளை அடிக்கடி எழுதி அழிக்கும் இடத்திலேதான் பயன் கூடுதலாகத் தெரியும்.

அளவு குறிப்பிடாவிடின் இக்கோப்புறை ராமின் பாதிவரை வளரலாம். ராம் போதாமற் போனால் உள்ளிருப்பவை வட்டுக்கே தள்ளப்படும். தேடிய விரைவு அத்தோடு போய்விடும். ஆகையால் தொடங்கும்போதே எல்லை வகுத்துவிடுங்கள். எவ்வளவு நிரம்பியுள்ளதென்பதை 'டிஎவ்' என்ற கட்டளை காட்டும்.