நால்வர் தேர்ந்தெடுக்கும் அரசர்

கேள்வி: மன்னராட்சி என்றால் தகப்பனுக்குப் பின் மகன் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? நெகிரி செம்பிலானில் மட்டும் கதை வேறாமே!
– ஒரு வாசகர், போர்டிக்சன்

பதில்: வேறுதான். மலேசியாவின் இந்த மாநிலத்தில் அரசருக்கு ‘யாங் டி பெர்துவான் பெசார்’ என்று பெயர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் தலைவர்களான உண்டாங்குகள். அரச குடும்பத்து ஆண்களில் ஒருவரை அவர்கள் தேர்ந்தெடுக்கலாமே தவிர, தாங்களே அரியணை ஏற முடியாது. மினாங்கபாவ் மக்களின் தாய்வழி மரபான ‘அடாட் பெர்பாத்தே’யில் ஊறிய ஏற்பாடு இது.

இது வெறும் சடங்கல்ல.

1967-இல் அரசராக இருந்த துவாங்கு முனாவிர் மறைந்தபோது மகன் துவாங்கு முஹ்ரிஸுக்கு வயது 19. உண்டாங்குகள் அவரை விட்டுவிட்டு, முனாவிரின் சகோதரர் துவாங்கு ஜாஃபரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 டிசம்பரில் ஜாஃபர் காலமானார். அவருக்கு மகன்கள் இருந்தும், இம்முறை அரியணை முஹ்ரிஸுக்கே போனது. 41 ஆண்டு காத்திருப்பு!

நாட்டளவிலும் இதே சாயல்தான். ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஆட்சியாளர்கள் மன்றத்தில் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் ஐந்தாண்டுகளுக்கு ஒரு மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1957-இல் முதல் மாமன்னரானவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். சட்டைப்பையில் ரிங்கிட் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள்: அதிலிருக்கும் முகம் அவருடையது.