நாவும் காலும் கூறும் நகர வரலாறு

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – தாவரவியல்)

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் அவ்வாறே படித்து வந்திருக்கிறோம். ஆனால், ஒரு நகரத்தின் வரலாறு அதன் கோட்டையிலும் கல்வெட்டிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அதன் தெருக்களிலும் அடுப்புகளிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்பனவற்றையெல்லாம் ஒரு தெருவில் விற்கும் பண்டம் நமக்குச் சொல்லிவிடும். இந்த வரலாற்றைப் படிக்கப் பெரும்பொருள் தேவையில்லை. நடக்கக் கால்களும், சுவைக்க நாவும், கேட்கக் கொஞ்சம் பணிவும் இருந்தால் போதும்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்னை யாரோ பெரியவர்களின் ஊர், நாம் இங்கே மூன்றாண்டு விருந்தாளிகள் என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஓட்டலுக்குள் நுழையவே கூசுகின்ற நண்பர்களை நான் அறிவேன். அந்தத் தயக்கத்திற்குக் காரணம் உண்டா? இந்நகரம் உண்மையில் யாருடையது? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடுதி நண்பர்கள் இருவருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து கண்டவற்றையும், நூலகத்தில் படித்து அறிந்தவற்றையும் இணைத்து இங்கே தருகிறேன்.

கோட்டைக்கு வெளியே ஒரு பட்டணம்

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரையில் ஒரு மணல்திட்டை நாயக்கரிடமிருந்து பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினர். அதற்கு முன்னரே இங்கு மீனவர் குப்பங்கள் இருந்தன. திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் பழம்பெரும் ஊர்களாக விளங்கின. கம்பெனியாருக்கு வேண்டியது துணி. ஆகவே நெசவாளரும் சாயம் தோய்ப்போரும் வணிகரும் துபாஷிகளும் தமிழ், தெலுங்கு நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்து கோட்டைக்கு வெளியே குடியேறினர். வெள்ளையர் அதனைக் 'கறுப்பர் பட்டணம்' என்றனர். 1911இல் அப்பெயர் நீங்கி 'ஜார்ஜ் டவுன்' ஆயிற்று.

அங்கே நடக்கும்போது தெருப்பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று வணிகர்களின் பெயர்கள் வரிசையாக வரும். பவளக்காரத் தெரு என்ற பெயர், ஐரோப்பாவிலிருந்து வந்து பவளமும் வைரமும் வாணிகம் செய்த யூதர்களை நினைவூட்டுகிறது. 'அரண்மனைக்காரன் தெரு' என்றொரு தெருவும் உண்டு. அங்கே அரண்மனை எதுவும் இல்லை! 'ஆர்மீனியன்' என்ற சொல்லே நம் மக்கள் வாயில் 'அரண்மனை' ஆயிற்று. ஆர்மீனிய வணிகர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ், 1794இல் நம் சென்னையில்தான் அச்சாயிற்று என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இன்று அத்தெருவில் ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லை. ஆகவே அவர்களது உணவும் இல்லை. ஒரு சமூகம் ஓர் ஊரைவிட்டுப் போகும்போது கட்டடம் நிற்கும். பெயர் திரிந்தேனும் நிலைக்கும். அடுப்பு மட்டும் அணைந்துவிடும். எனவே ஒரு தெருவில் ஓர் உணவு இன்னும் சூடாக விற்கிறதென்றால், அதைக் கொண்டுவந்த மக்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள் என்று பொருள்.

நடந்து வந்தவர்களின் உணவு

அத்தகைய உணவு ஒன்றைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடற்கரை ரயில் நிலையத்திற்கு எதிர்ப்புறத் தெருக்களில் மாலை நேரத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே விற்பது அத்தோ. பர்மிய மொழியில் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். செம்மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸ், மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். உடன் ஒரு கிண்ணம் சூடான சாறு. அதில் வாழைத்தண்டுத் துண்டுகள் மிதக்கும். தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும்: வாழையின் வெளித்தண்டாக நமக்குத் தோன்றுவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகளே. அதன் நடுவே பூவைத் தாங்கி உயரும் மென்மையான தண்டையே நாமும் பர்மியரும் உண்கிறோம்.

இவ்வுணவு இங்கு வந்த கதை துயரமானது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. தமிழர்கள் அங்கே கூலிகளாகவும் எழுத்தர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்தனர். 1931ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களாக இருந்தனர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். போருக்குப் பின் அங்கே நிலைத்திருந்தவர்களுக்கும் 1962இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சி இடையூறாயிற்று. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட, பல்லாயிரம் குடும்பங்கள் வெறுங்கையுடன் கப்பலேறின. அவ்வாறு வந்தவர்கள் பிழைக்கும் பொருட்டு 1969இல் பர்மா பஜார் தோன்றியது.

சொத்தைக் கொண்டுவர முடியாதவர்கள் சமையலைக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சுங்கம் இல்லை. அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது. தமிழ் பேசும் கைகள் பர்மிய உணவைப் பிசைந்து தருகின்றன. அங்கே அவர்கள் இந்தியர். இங்கே அவர்கள் 'பர்மாக்காரர்'. அவ்வுணவை நின்றபடி உண்ணும்போது, 'சொந்த ஊர்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

தங்கசாலைத் தெருவில்

பாரிமுனையிலிருந்து மேற்கே நடந்து, பூக்கடையின் நெரிசலைக் கடந்தால் தங்கசாலைத் தெரு வரும். கம்பெனியாரின் நாணயச்சாலை இருந்ததால் வந்த பெயர் இது. இத்தெருவைச் சார்ந்ததே சௌகார்பேட்டை. சௌகார் என்றால் பெருவணிகர். குஜராத்திலிருந்தும் இராஜஸ்தானத்திலிருந்தும் வந்து துணி, நகை, வட்டித் தொழில் நடத்தியோர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். காலையில் கச்சோரியும் சுடச்சுட ஜிலேபியும், மாலையில் சுண்டக் காய்ச்சிய பாதாம் பாலும் இங்கே கிடைக்கும். சமண சமயத்தார் பலர் வாழ்வதால், வெங்காயமும் பூண்டும் கிழங்குகளும் சேராத பலகாரங்களைத் தனியே கேட்டு வாங்கலாம். மண்ணுக்கடியில் விளைவதைத் தோண்டி எடுக்கும்போது சிற்றுயிர்கள் மடியும் என்பது அவர்கள் கொள்கை.

இங்கே எங்களை வியப்பில் ஆழ்த்தியது முறுக்கு சாண்ட்விச்! ரொட்டிக்குப் பதிலாக நம்மூர் முறுக்கு. நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. பம்பாய்ப் பக்கத்துப் பழக்கமும் தமிழ்நாட்டுப் பலகாரமும் ஒரே கைப்பிடியில் சேர்ந்துவிட்டன. எந்தச் சட்டமும் இடாத உறவை ஒரு தெருவோரக் கடைக்காரர் உண்டாக்கியிருக்கிறார்.

திருவல்லிக்கேணியின் இரு மணங்கள்

மற்றொரு ஞாயிறன்று திருவல்லிக்கேணிக்குச் சென்றோம். பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயில் ஒருபுறம். ஆற்காட்டு நவாபு வாலாஜா குடும்பத்தார் 1795இல் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் மறுபுறம். கோயிற்பக்கம் புளியோதரை மணக்கும். பள்ளிவாசல் பக்கம் பிரியாணியும் தாள்ச்சாவும் மணக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட தெருக்களில், வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்களும் அவர்களுக்கு உணவளிக்கும் மெஸ்களும் நிறைந்துள்ளன.

ரம்சான் மாதத்தில் அப்பள்ளிவாசலில் நடைபெறும் ஒரு காட்சி குறிப்பிடத்தக்கது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்துவிலிருந்து வந்து, மயிலாப்பூரில் சூஃபிதார் கோயிலை அமைத்த இந்துக்களைச் சார்ந்த தொண்டர்கள், அங்கே நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுகின்றனர். பல பத்தாண்டுகளாக இத்தொண்டு நடந்து வருகிறது. பிரிவினையில் ஊரை இழந்தவர்கள் பகையைச் சுமந்து வரவில்லை. அன்னக் கரண்டியைச் சுமந்து வந்தார்கள்.

இதே திருவல்லிக்கேணியில் சாம்பார் இட்லிக்குப் பெயர்பெற்ற ரத்னா கபே 1948 முதல் இருந்து வருகிறது. அதனைத் தொடங்கியவர்கள் வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்தார் என்று அறிந்தபோது நாங்கள் நம்பவே இல்லை. நம் சாம்பாரை நமக்கே ஊற்றிப் புகழ்பெற்றிருக்கிறார்கள்!

எல்லாம் இனிமையே என்று எழுதிவிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது. உணவு மனிதரைச் சேர்த்தது போலவே பிரித்தும் வைத்திருக்கிறது. சென்னை ஓட்டல்களில் ஒரு சாராருக்கு மட்டும் தனியிடம் ஒதுக்கிய காலம் உண்டு. 1957இல் திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கத்தினர் மறியல் செய்து சிறை சென்றனர். என் தாத்தா எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்றில் தனிக் குவளையில் வாங்கி, வெளியே குந்தியிருந்து குடித்தவர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய பேரன் இன்று எந்த ஓட்டலிலும் மேசைமுன் அமர்ந்து சாம்பார் இட்லி உண்கிறான். என்ன சாதி என்று பரிமாறுபவர் கேட்பதில்லை. ஒரு தட்டு இட்லிக்குப் பின்னே இத்தனை பேருடைய போராட்டம் இருக்கிறது. நம்மில் எவரும் ஓட்டல் வாசலில் கூச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஒரு கரண்டி சாம்பார்

இனி, அந்தச் சாம்பாரையே தாவரவியல் கண்கொண்டு பார்ப்போம். துவரை நம் நாட்டுப் பயிர். புளியமரத்தின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பர் அறிஞர். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மிளகாயைப் போர்ச்சுக்கீசியரே கடல்வழியாக இங்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. பெருங்காயம் ஆப்கானிஸ்தானம், ஈரான் நாடுகளிலிருந்து வருவது. இமயமலைப் பகுதியான லாகௌலில் அதனைப் பயிரிடும் முயற்சியே 2020இல்தான் தொடங்கியது. ஆக, 'நம் பாரம்பரியச் சாம்பார்' என்று நாம் பெருமை கொள்ளும் ஒரு கரண்டிக் குழம்பில் மூன்று கண்டங்கள் கலந்திருக்கின்றன. வந்தவற்றையெல்லாம் விலக்கிவிட்டால் பானையில் மிஞ்சுவது வெந்த பருப்புத்தான்.

நடப்போர்க்குச் சில குறிப்புகள்

1. ஒரு நாளில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்க. அதே தெருவைக் காலையிலும் மாலையிலும் காண்க. இரண்டும் வேறு வேறு தெருக்களாகத் தோன்றும்.

2. பெயர்ப் பலகைகளில் எத்தனை மொழிகள் உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொள்க.

3. இடத்திற்கு ஒரு பண்டம் மட்டும் வாங்கி நண்பர்களுடன் பகிர்ந்து உண்க. பணமும் மிஞ்சும், வயிற்றிலும் இடம் இருக்கும்.

4. கடைக்காரரிடம் கூட்டம் குறைந்த நேரத்தில் பேசுக. "அண்ணே, இது எந்த ஊர்ப் பலகாரம்?" என்ற ஒரு கேள்வி போதும். அனுமதியின்றிப் படம் எடுத்தல் கூடாது.

5. உணவு, அதன் பொருள்கள், அது வந்த ஊர், வந்த காரணம் என்ற நான்கு தலைப்புகளில் அன்றிரவே எழுதிவைக்க.

முடிவுரை

இந்நகரம் யாருடையது என்று தொடக்கத்தில் கேட்டோம். நடந்து பார்த்ததில் கிடைத்த விடை இதுவே: மிகப் பெரும்பாலோர் என்றோ ஒருநாள் மூட்டை முடிச்சுடன் இங்கே வந்து இறங்கியவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். முன்னே வந்தவர், பின்னே வந்தவர் என்ற வேறுபாடே உண்டு. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் நம் கட்டடங்களை எழுப்புகின்றனர். நாம் உண்ணும் ஓட்டல்களில் மேசை துடைக்கின்றனர். அவர்கள் பேச்சைக் கேலி செய்து சிரிப்போரைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் காண்கிறோம். இரங்கூனில் நம்மவரையும் இப்படித்தான் அன்று பார்த்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவன் இதே தெருக்களில் நடக்கும்போது, அவர்கள் கொண்டுவந்த உணவு ஒன்றைச் சென்னை உணவு என்றே எழுதக்கூடும்.

எனவே நண்பர்களே, தயக்கத்தை விடுத்து நடப்போம். கடைக்குள் நிமிர்ந்து நுழைவோம். பரிமாறும் கை எந்த ஊர்க் கையாயினும் அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு எழுவோம்.