தோலின் பரப்பும் நானே கண்ட சூத்திரமும்

ஆம்பூரில் தோல் ஷாப் கணக்கைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். விலை பேசுவது சதுர அடிக் கணக்கில். ஆனால் கழுத்தும் காலும் வயிறும் நெளிந்து கிடக்கும் ஆட்டுத்தோலோ சதுரமுமன்று, வட்டமுமன்று. பள்ளியில் மனப்பாடம் செய்த எந்தச் சூத்திரமும் அதன்மேல் பொருந்தாது. எங்கள் அளவுக்கும் தம் அளவுக்கும் வித்தியாசம் கண்ட வியாபாரி ஒருவர், "கணக்குப்பிள்ளைக்குக் கூட்டத் தெரிந்தால் போதும், அளவைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல் இன்றும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிரவே ஒரு தோலைப் பலகையில் விரித்து, முதுகுக்கோட்டின் வழியே அரையடிக்கு ஒரு புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்ககலத்தை அளந்தேன். அடுத்தடுத்த இரண்டு அகலங்களின் சராசரியை அரையடியால் பெருக்கினால் ஒரு பட்டையின் பரப்பு, ஏறத்தாழக் கிடைக்கும். பட்டைகளைக் கூட்டும்போதுதான் அந்த அற்புதம் கண்ணிற் பட்டது: நடுவிலுள்ள ஒவ்வோர் அகலமும் இப்பக்கத்துப் பட்டைக்குப் பாதியும் அப்பக்கத்துப் பட்டைக்குப் பாதியுமாக இருமுறை வந்து முழுமை பெறுகிறது, முனைகளோ குறுகி ஒன்றுமில்லாமற் போவதால் கணக்கில் சேர்வதே இல்லை. ஆகவே அகலங்களை அடியில் கூட்டிப் பாதியாக்கினால் அதுவே சதுர அடி! அளவு மெஷினில் வரிசையாக நிற்கும் சக்கரங்கள், தத்தம் அடியில் ஓடும் தோலின் நீளத்தை அளந்து கூட்டுவதும் இதே கணக்குத்தான் என்பது அப்போது விளங்கியது. தோல் மடிந்து ஏறினால் பரப்பு குறைந்துதானே தீரும்? மறுநாள் ஒவ்வொன்றையும் நீவி ஏற்றச் செய்தேன், வித்தியாசம் அடங்கிற்று.

இது நூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் சரிவக விதி என்பதைப் பின்னால் அறிந்தேன். அதனால் என் ஆனந்தம் அணுவளவும் குறையவில்லை. கும்பகோணத்தில் ராமானுஜன், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை 1902இல் கற்றதும், நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டார். அதுவும் ஐரோப்பாவில் முன்பே கண்ட விஷயந்தான். பெரும்பாலும் நிரூபணமின்றி முடிவுகளை மட்டும் அடுக்கிய கார் என்பவரின் நூல் கைக்கு வந்தபோது, அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்த அப்பழக்கமே அவரை அப்பால் கொண்டு சென்றது.

எனக்குக் கணிதம் போதித்த உபாத்தியாயரோ, "எப்படி வந்தது என்று கேட்காதே, பரீட்சைக்கு விடை போதும்" என்பார். அந்த ஒரு வாக்கியம் என் வாலிபத்தில் கணிதத்தையே எனக்கு அந்நியமாக்கிவிட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் ஷாப்பிலும் ஒரு தோலும் ஓர் அடிக்கோலும் இருக்கும். விதியின் பெயரைத் தேடுமுன், நீங்களே ஒருமுறை அளந்து, கூட்டிப் பாருங்கள்.