வெப்பமா? குளிரா?

வெப்பம் இனிதா, குளிர் இனிதா என்று வினவினால், மாணவருள் பெரும்பாலோர் குளிரே என்பர். கேமரன் மலைக்கு ஒருநாள் சுற்றுலா சென்று வந்தோர் அவ்வாறு கூறுவது இயல்பே. அங்கேயே வாழ்ந்து, பனி படிந்த விடியலில் தேயிலைக் கொழுந்து கிள்ளுவோரைக் கேட்டால் விடை வேறாகலாம்.

நம் நாட்டில் பதிவான மிகுந்த வெப்பம் 40.1 பாகை செல்சியஸ். 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் அளக்கப்பட்டது. மிகக் குறைந்த அளவு 7.8 பாகை, 1978 பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும்.

நமது உடல் வெப்பம் 37 பாகை. குளிருக்குக் கம்பளியின்மேல் கம்பளி அணியலாம். வெப்பத்திற்கோ ஆடை களைவதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ! அப்பொழுது நம்மைக் காப்பது வியர்வையே. அது ஆவியாகும்பொழுது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஆயின் நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது. ஆதலின் வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்குமுன்பே நீர் பருகுதல் வேண்டும். தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றின் உடனே நிழலில் அமர்தல் வேண்டும். இதனைச் சோம்பல் என்று ஏசுவோர் உளர், அவர் அறியாதார். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பால்மரமும் குளிரின் பக்கமே. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவதால் ஓட்டம் தளரும். மரம் வெட்டுவோர் இருள் பிரியுமுன்பே பெரட்டுக்குச் செல்வது இதனாலேயாகும்.